ஈ உட்கார்ந்த இடம்

சின்னப்பனின் உதட்டோரம் உட்கார்ந்த ஈயை மதலேனாள் பனையோலை விசிறியால் விரட்டினாள். அது எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. முகம் சும்மா கிடந்தது. புருஷன் செத்துவிட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பின்னால் தொழுவத்தில் குதிரை மறுபடியும் தரையை உதைத்தது. நேற்றிலிருந்து இதே பாடுதான். மலைமேல் அணை கட்டும் துரைமாருக்குத் தபால் பை கொண்டுபோகிற வேலை சின்னப்பனுக்கு. கூடலூர் தாண்டி ஏற்றத்தில் குதிரை அவனைத் தூக்கி எறிந்துவிட்டது. மாட்டுவண்டியில் அவனைக் காமயகவுண்டன்பட்டிக்குக் கொண்டுவந்தபோது, வண்டிக்குப் பின்னாலேயே அதுவும் நடந்து வந்து சேர்ந்தது. தபால் பைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் தலைதான் பாறையில் மோதி உடைந்திருந்தது.

"அண்ணனக் கொன்ன சனியன். பெட்டி எடுக்கறதுக்குள்ள அது சாகணும்" என்று கொழுந்தன் ஞானதுரை வேட்டைத் துப்பாக்கி வாங்கிவரப் போயிருந்தான். யாரும் தடுக்கவில்லை.

மதலேனாளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விசிறியோடு எழுந்தாள்.

"ஏத்தா, எங்கன போற? பொணத்த விட்டுட்டு நீ எந்திரிக்கலாமா?" என்றாள் பெரியம்மா இருதயம்மாள்.

"சேணத்த யாருமே கழத்தல பெரிம்மா. நேத்துலருந்து முதுகுலயே கெடக்கு."

"கெடந்தா கெடக்கட்டும்."

அவள் கேட்காமல் போனாள். கிட்டே போனவர்களையெல்லாம் உதைத்துவிட்டு, குதிரை சிட்டு மூலையில் ஒண்டி நின்றது. கண் வெளுத்திருந்தது. மதலேனாள் மெல்ல அடியெடுத்து வைத்தாள்.

சின்னப்பன் அதை ஒருநாளும் அதட்டியதில்லை. "ஈ உக்காந்தா அந்த எடத்துத் தோல மட்டும் சிலுப்புது பாரு. அம்புட்டுச் சொரணை உள்ள ஒடம்புக்கு எதுக்குச் சாட்டை?" என்பான். தொடையை லேசாக ஒட்டினால் நடக்கும். மூச்சைவிட்டுத் தளர்ந்து உட்கார்ந்தால் நிற்கும். சேணத்துக்கு அடியில் போடும் மெத்தையைத் தினமும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ஒரு மடிப்புக்கூட இல்லாமல் நீவிவிடுவான். பெண்டாட்டி சேலையை இந்த மாதிரி ஒருநாள் நீவியிருப்பீர்களா என்று அவள் கேலி செய்ததுண்டு.

குதிரையின் கழுத்தில் கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். தோல் நடுங்கி, நடுங்கி, அடங்கியது. மெல்ல வாரை அவிழ்த்துச் சேணத்தை இறக்கினாள். பழஞ்சேலையை மடித்து அவளே தைத்த மெத்தை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து உரித்தாள்.

முதுகில் வட்டமாக ஒரு ரணம், காசளவு. மெத்தையில் அதே இடத்தில் துணி தேய்ந்து ஏதோ மினுங்கியது. நகத்தால் பிய்த்தாள். மாதா பதக்கம்.

போன வாரம் மலைப்பாதையில் யானை ஒரு சுமைக்காரனை மிதித்துப் போட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. ஆளையும் குதிரையையும் மாதா சேர்த்துக் காப்பாற்றட்டும் என்றுதான் முந்தாநாள் அதை மெத்தைக்குள் வைத்துத் தைத்தாள். நேற்று அவனுக்கு நேரமாகிவிட்டது. மெத்தையை அவள்தான் போட்டாள். "மடிப்புப் பாத்தியா?" என்று உள்ளேயிருந்து கேட்டான். "பாத்தாச்சு" என்றாள். பார்க்கத்தான் செய்தாள். மடிப்பு ஏதும் இல்லை.

"தள்ளி நில்லு மதினி."

ஞானதுரை துப்பாக்கியோடு வாசலில் நின்றான்.

பதக்கத்தைக் கைக்குள் பொத்தினாள். கொஞ்சம் நகர்ந்து நின்றால் போதும். வெடிச் சத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடும். ஊருக்கு அவள் புருஷனைப் பறிகொடுத்தவள். வாயைத் திறந்தால் புருஷனைக் கொன்றவள். குதிரை தரையை உதைப்பதை விட்டுவிட்டு அமைதியாக நின்றுகொண்டிருந்தது.

"சுடாத தம்பி. அது மேல தப்பு இல்ல." கையை விரித்துக் காட்டினாள். "நாந்தான் மெத்தைக்குள்ள வச்சுத் தச்சேன். மடிப்புப் பாத்தியான்னு கேட்டாக. பாத்தாச்சுன்னேன்."

ஞானதுரை பதக்கத்தைப் பார்த்தான். ரணத்தைப் பார்த்தான். விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோனான். தொடும் முன்பே தோல் சுருங்கி விலகியது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நேத்து நான் இத அடிச்சேன் மதினி. சேணத்து மேலயே அடிச்சேன்."

துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான்.

"வெளிய யாருட்டயும் சொல்லிறாத" என்றான்.

"ஏத்தா மதலேனா! பெட்டிய மூடப் போறாக. மொகம் பாக்க வாத்தா" என்று இருதயம்மாள் கூப்பிட்டாள். கொட்டுச் சத்தம் தொடங்கிவிட்டது.

ரணத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. குதிரையின் தோல் சிலிர்த்தது. மதலேனாள் விசிறினாள். போகவும் முடியாமல், விடவும் முடியாமல் விசிறிக்கொண்டே நின்றாள்.

ஞானதுரை அவள் கையிலிருந்து விசிறியை வாங்கினான்.

"நீ போ. நான் வீசுறேன்."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்கு விசிறுகிறவன் போலப் படபடவென்று வீசினான். குதிரை காதைப் பின்னால் மடக்கியது. அவன் கையைத் தளர்த்திக்கொண்டு மெதுவாக வீச ஆரம்பித்தான்.