மேனேஜரின் புழுக்கை

காலிக் கூண்டோடு முயல் அக்கா வாசலில் நின்றதைப் பார்த்ததுமே அந்த வீட்டுச் சிறுமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெரியவர்களுக்குப் புரியவில்லை.

"கூண்டு எதுக்கு மேடம்? எங்ககிட்டயே ஒண்ணு இருக்கே" என்றார் அப்பா.

பிராணிகள் காப்பகத்தில் முயல் அக்காவுக்கு வேலை, குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு முயல் கொடுப்பது. கொடுக்கும் முன் குடும்பத்தையே உட்காரவைத்து வளர்ப்பு முறையைச் சொல்லித் தருவாள். வளர்க்கத் தெரியாவிட்டால் முயலைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். இந்தக் குடும்பம் வகுப்புக்கு வந்தபோது சிறுமி மட்டும்தான் கவனித்தாள். அப்பா கைப்பேசியைப் பார்த்தார். அம்மா அப்பாவை முறைத்தாள். சித்தப்பா கண்ணைத் திறந்தபடியே தூங்கினார்.

நேற்றிலிருந்து முயல் எதையும் தின்னவில்லை. குடல் இயங்காமல் நின்றுபோயிருக்கிறது என்று சொல்லிக் காலையில் மருத்துவர் ஊசி போட்டு, மருந்தும் கொடுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் புழுக்கை போடாவிட்டால் திரும்பவும் தூக்கி வரச் சொல்லியிருந்தார்; காப்பகத்துக்கும் தகவல் சொல்லிவிட்டார். எனவே ஒரு குடும்பமே வேலைவெட்டியை விட்டுவிட்டு, ஒரு முயலின் பின்பக்கத்தைப் பார்த்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

முயலின் பெயர் மேனேஜர். அப்பா வைத்த பெயர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறதாம். இப்போது அது சோபாவுக்கு அடியில் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. தொட்டியில் போட்ட காய்ந்த புல் போட்டபடியே கிடந்தது.

"புல்லைத் தவிர வேற என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டாள் முயல் அக்கா.

"ஒண்ணுமே இல்லை" என்றார்கள் பெரியவர்கள் மூவரும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மேலே கேட்கவில்லை.

"ஒரு டீ கிடைக்குமா? பிஸ்கட் இருந்தாலும் சரி."

அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். மூடிச் சத்தம் கேட்டதும் சோபாவுக்கு அடியில் இரண்டு காதுகள் மெதுவாக நிமிர்ந்து, அப்பா பக்கம் திரும்பின.

"அது... டீ குடிக்கிறப்போ ஒரே ஒரு துண்டு" என்றார் அப்பா. "வந்து மூக்கால இடிக்குது மேடம். மனசு கேக்குமா?"

"அடப்பாவி மனுஷா! வாழைப்பழம் குடுக்கிற நான் ஒருத்திதான் திருடின்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் அம்மா.

இருவரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள்.

"கேரட் அதோட சாப்பாடுதானே அண்ணி? பொம்மைப் படத்துல எல்லாம் அதைத்தானே திங்குது?"

"அதான் ஃபிரிட்ஜ்ல கேரட்டே தங்க மாட்டேங்குதா?"

"இனிப்பு வீடு தேடி வர்றப்போ யாரு புல்லைத் திம்பா?" என்றாள் முயல் அக்கா. "புல்லு போகலைன்னா குடல் ஓடாது. ஓடலைன்னா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போயிடும்."

"நான் புல்லு மட்டும்தான் குடுத்தேன்" என்றாள் சிறுமி. "அதான் எங்கிட்ட மட்டும் வராது. எனக்கு முயலைப் பழக்கத் தெரியலைன்னு சித்தப்பா சொன்னாரு."

சித்தப்பா சுவரை ஆராய்ந்தார்.

எடுத்துக்கொண்டு போவதுதான் விதி. போனால், சொன்னதைக் கேட்ட ஒரே ஆளுக்குத் தண்டனை. விட்டுப்போனால், வீடு நிறையப் பாசக்காரர்கள். முயல்களுக்கு வரும் ஆபத்தில் முக்கால்வாசி பாசக்காரர்களால் வருவது முயல் அக்காவுக்குத் தெரியும். கூண்டின் கதவைத் திறந்துவைத்தாள்.

சிறுமி அழவில்லை. ஒரு பிடி புல்லைச் சோபாவுக்கு அருகில் வைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தாள். கையை நீட்டாமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தூக்காதே, துரத்தாதே, அதுவாக வரட்டும்: வகுப்பில் சொன்னது அப்படியே.

டீ ஆறிப்போனது. வெளிச்சம் சாயத் தொடங்கியபோது புல் நொறுங்கும் சத்தம் கேட்டது. இன்னும் சற்றுப் பொறுத்து, "அக்கா, போட்டுடுச்சு."

மிளகை விடச் சற்றுப் பெரிதாக ஒன்று. மூன்று பெரியவர்களும் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார்கள். முயல்கொம்பையே கண்டுவிட்டவர்போல் அப்பா அதைப் படம் எடுத்தார்.

"மருந்தை நிறுத்தாதீங்க" என்றாள் முயல் அக்கா. "இனிமே சாப்பாடு இவ கையாலதான். நீங்க மூணு பேரும் இவகிட்ட கேட்டுத்தான் எதையும் குடுக்கணும்."

"கூண்டை மறந்துட்டுப் போறீங்களே, மேடம்."

"மறக்கலை சார். உங்க கண்ணுல படுற மாதிரி இங்கயே இருக்கட்டும். சொல்லாம ஒருநாள் வருவேன்."

அவள் வெளியே செருப்பை மாட்டும்போது, உள்ளே டப்பா மூடி திறக்கும் சத்தம்.

"யாரு அது?" என்றது சிறுமியின் குரல்.

"எனக்குத்தாம்மா" என்றார் அப்பா.

"இங்கயே தின்னுங்க. நான் பாக்கணும்."