கழுத்து லேசா வளைஞ்சிருக்கே

அக்கா என்னிடம் சொல்லி அனுப்பியது மூன்றே மூன்று விஷயம். "பணத்தைக் குடு, கிட்டாரை வாங்கு, வாயைத் திறக்காத." முதல் இரண்டையும் பிசகாமல் செய்தேன்.

மூன்றாவது எங்கள் ரத்தத்திலேயே கிடையாது. எங்களுடையது பாத்திரக்கடைக் குடும்பம். அப்பா கொள்முதலுக்குப் போனால் முதல் காரியமாக ஒரு குண்டானைச் சுண்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "ஓசை சரியில்லையே" என்பார். ஓசை கணீரென்றுதான் இருக்கும். அது விற்பவருக்கும் தெரியும். அவரும் நெஞ்சில் கை வைத்து, "உங்களுக்காக" என்று கொஞ்சம் இறங்கி வருவார். இரண்டு பேரும் பொய் சொல்லி, இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிவார்கள். குறை சொல்லாமல் ஒரு பொருளை வாங்கினால் எங்கள் வீட்டில் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

கிட்டாரை விற்றவர் ஒரு பல் டாக்டர். அது என் அப்பாவைவிட மூத்த எலெக்ட்ரிக் கிட்டார். தேன் நிறம், ஓரமெல்லாம் பெயின்ட் உதிர்ந்தது. அக்காவுக்கு அதன் அழகு முக்கியமில்லை, கழுத்துதான் முக்கியம், அதாவது இடது கையால் பிடித்துக் கம்பிகளை அழுத்தும் அந்த நீளக் கட்டை. போன வருஷம் அவளுடைய இடது கை மோதிர விரல் கார் கதவில் நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது, மடக்குவதுதான் பழையபடி வரவில்லை. தன் கிட்டாரின் தடித்த கழுத்தைப் பிடித்தால் பத்தே நிமிஷத்தில் விரல் மரத்துப்போகும். அவள் வாசித்துவந்த மியூசிக் பேண்டில் அதற்குள் வேறொருவனை உட்கார வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அக்கா அவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். சரிப்படாவிட்டால் அவனே நிரந்தரம். டாக்டர் வீட்டுக் கிட்டாருக்கு ஒல்லிக் கழுத்து. அதை ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான், ஒரு வருஷத்துக்குப் பிறகு, அவள் சாப்பிடும்போது பாடினாள்.

வியாழக்கிழமை நான் போனேன். ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நீளவாக்கில் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

"கழுத்து லேசா வளைஞ்சிருக்கே, டாக்டர்" என்றேன்.

அந்த மனுஷன் நெஞ்சில் கை வைக்கவில்லை. முகம் தொங்கிப்போனது. "அப்படியா? நான் கவனிக்கவே இல்லையே" என்றார். இறங்கி வரும் வரைக்கும் இன்னும் இரண்டு தடவை சொன்னேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இறங்கினார். "நாளைக்கு வாங்க, தயாரா வெச்சிருக்கேன்."

மறுநாள் கிட்டாரைக் கையில் கொடுத்து, "சரி பண்ணிட்டேன். இனிமே வளைவு இருக்காது" என்றார். வியாபாரப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வெளியூரிலிருந்து திரும்பியதும் அக்கா முதல் கம்பியைத் தட்டினாள். பாட்டிலுக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு சத்தம். கழுத்தின் தலைப்பக்கம் எங்கே அழுத்தினாலும் அதே வண்டு. அவள் மோதிர விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கம்பியம்மாவின் பட்டறையில் இருந்தோம். கிட்டார் ரிப்பேர் செய்கிறவர். அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் யாருக்கும் தெரியாது. கழுத்தின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"யாரோ உள்கம்பியை முறுக்கியிருக்காங்க" என்றார். "கழுத்து பின்னால வளைஞ்சு கிடக்கு, பாரு."

கழுத்து மரத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறதாம். அதன் நுனியில் உள்ள நட்டை இறுக்கினால் கழுத்து பின்னால் போகும், தளர்த்தினால் முன்னால் வரும். எனக்கு அதுவரை தெரியாது. கேட்கக் கேட்க, 'சரி பண்ணிட்டேன்' என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"தளர்த்திடுங்களேன்" என்றாள் அக்கா.

"கண்ணு, இது கிழவி. நட்டு துருப்பிடிச்சிருக்கு. எவ்வளவு இறுக்கினாங்கன்னு தெரிஞ்சா அதே அளவு திரும்பி வரலாம். தெரியாம அங்கயும் இங்கயும் திருகினா உள்ள கம்பி அறுந்துடும். அப்புறம் கழுத்தைப் பிளந்துதான் பாக்கணும்."

"டேய், டாக்டருக்குப் போன் போடு" என்றாள் அக்கா.

"நான் வெளிய போய்ப் பேசிட்டு..."

"இங்கயே பேசு. ஸ்பீக்கர்ல போடு."

மணி மூன்று இருபது. போட்டேன். பின்னால் பல் துளைக்கும் மெஷின் ஓடியது.

"அட, தம்பியா! கழுத்து இப்ப நேரா இருக்கா?" என்றார் டாக்டர். "நீங்க மூணு தடவை சொன்னதுல ராத்திரி தூக்கமே வரலை. பல்லுக்குக் கம்பி கட்டி நேராக்குற கைதானே, நானே முறுக்கிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். கம்பியம்மாவும் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய பழைய கிட்டார்களைப் பார்த்தேன்.

"எவ்வளவு முறுக்கினீங்க, டாக்டர்?" என்றேன்.

"இருங்க, எழுதி வெச்சிருக்கேன். பேஷண்ட்டுக்கு எழுதுற மாதிரிதான். முதல்ல கால் சுத்து. ஒரு மணி நேரம் விட்டு இன்னொரு கால் சுத்து. அவ்வளவுதான்."

போனை வைத்தேன்.

"வளைஞ்சிருந்துச்சா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

"பின்ன ஏன்டா சொன்ன?"

"விலை பேசறப்ப... சொல்றதுதானே."

கம்பியம்மா பின்னால் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அக்கா சிரிக்கவில்லை. "அவர் என்ன, குண்டான் விக்கிறவரா?" என்றாள்.

நட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த மிக நீண்ட அரை மணி அதுதான். பிறகு கம்பியம்மா நட்டைத் திருகும் சாவியை மாட்டினார். அசையவில்லை. மறுபடி. உள்ளே 'டக்' என்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அறுந்துடுச்சா?" என்றேன்.

"துரு விட்டுச்சு. வாயை மூடு."

கால் சுற்று. காத்திருப்பு. இன்னொரு கால் சுற்று. ஸ்கேலுக்கும் கழுத்துக்கும் நடுவே தாள் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. மேலே வாசிக்கும் கம்பிகளைப் புதிதாக மாட்டி, அவற்றின் உயரத்தைச் சரிசெய்து நீட்டினார். ஐந்து பத்து. அக்கா வாசித்தாள். ஒரே இடத்தில் மட்டும் வண்டு கொஞ்சம் முனகியது.

"அந்த இடத்தைத் தொடாம வாசிச்சுக்கறேன்" என்று சொல்லி, பெட்டியை மூடிக் கிளம்பினாள்.

ஆறரை மணிக்கு ஒத்திகை அறையின் கதவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். உள்ளே வாசிப்பது அவளா மற்றவனா என்று தெரியவில்லை. ஏழு மணிக்கு வெளியே வந்து, மோதிர விரலை என் முகத்துக்கு நேரே மடக்கி நீட்டிக் காட்டினாள். "வர்ற வாரத்துலேர்ந்து நான்தான்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "குறைச்ச பணத்தை டாக்டர் கிட்ட குடுத்துட்டு வா. பேரம் பேசாம."

திங்கட்கிழமை கவரைக் கொடுத்து, நடந்ததையும் சொன்னேன். டாக்டர் எண்ணிப் பார்க்காமல் மேஜைக்குள் போட்டார். பிறகு ஒரு கண்ணை மூடி என் வாயையே உற்றுப் பார்த்தார்.

"முன் பல்லு லேசா வளைஞ்சிருக்கே, தம்பி" என்றார்.

சிரித்தாரா என்றால், இல்லை. அன்றிலிருந்து தினமும் கண்ணாடி முன்னால் நிற்கிறேன். நேராகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த மனுஷனுக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே.