விதைக்கு விட்ட பூசணி

ஜெயக்கொடி கொல்லைக்குப் போனபோது கொடி இருந்தது, காய் இல்லை. காம்பைக் கத்தியால் நறுக்கிய இடத்தில் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

அது கறிக்கு விட்ட காய் அல்ல. அந்த வெகுதானிய வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டதில், கோச்சடைத் தோட்டத்தில் போட்ட எட்டுக் குழியில் ஏழு கருகிப்போயின. தப்பிய ஒரு கொடியில் ஒரே காயை விதைக்கென்று நிறுத்தி, மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளி எறிந்தாள். எலுமிச்சம்பழ அளவில் இருந்தபோதே அதன் தோலில் நகத்தால் ஒரு பெருக்கல் குறி கீறிவிட்டாள். காய் பெருக்கப் பெருக்கக் கீறலும் தழும்பாகி உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. குறி போட்ட காயில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் தங்க வந்திருந்த விருந்தாளிக்கும் தெரியும். ஜெயக்கொடியும் அவள் புருஷன் நல்லகாமனும் தங்கள் ஓட்டு வீட்டில் இரண்டு அறைகளை, காற்று மாறி உடம்பு தேற வருகிறவர்களுக்கு விட்டு, சோறும் பொங்கிப் போட்டு வந்தார்கள். வருகிறவர்களைக் கூண்டு வண்டியில் கோயிலுக்கும் ஆனைமலைக்கும் கூட்டிப்போவது நல்லகாமன் வேலை. இந்த மாசியில் தங்கியிருந்தவர் திருச்சியில் ரிட்டயரான ஓவர்சியர் வெங்கடசுப்பிரமணியன். தினமும் தடியை ஊன்றி வந்து, எத்தனை ராத்தல் இருக்கும் என்று கேட்பார். விதைக்கு விட்டது என்று அவள் மூன்று தரம் சொல்லியிருந்தாள்.

வண்டி திரும்பி வந்ததும் நல்லகாமனிடம் கேட்டாள். "ஓவர்சியர எங்க எறக்கி விட்டீங்க?"

"கோரிப்பாளையம் தாண்டி, காய்கறிக் கண்காட்சிப் பந்தலுக்கு. ஜமுக்காளத்துல என்னமோ சுத்தி மடியில வச்சிருந்தாரு. துணிமணின்னு நெனச்சேன்."

"இருவது ராத்தல் துணியவா ஒரு மனுசன் மடியில தூக்கி வச்சுக்கிட்டுப் போவான்?"

நல்லகாமனுக்கு அப்போதுதான் விளங்கியது. "விடு புள்ள. தங்க வந்தவரு. போய்க் கேட்டா மொகஞ்சுளிப்பாரு."

"சாயங்காலம் அத அறுத்துக் கூறு போட்டு ஆபீசருக வீட்டுக்கு அனுப்பிருவாக. வெதை குப்பைக்குப் போயிரும். வர்ற ஆடிக்குக் குழியில என்னத்த ஊண்டுறது, அவரு மொகத்தையா?"

மாட்டை அவிழ்க்க அவள் விடவில்லை. வறண்டு கிடந்த வைகை மணலில் இறங்கி வண்டி அக்கரை ஏறியது.

பந்தலில் நீல நாடா கட்டி, முதல் பரிசு என்று எழுதி, பூசணி நடு மேஜையில் உட்கார்ந்திருந்தது. நல்லகாமன் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தான். "சொந்தத் தோட்டத்துல வெளைஞ்சதாம்."

பக்கத்திலேயே ஓவர்சியர், பரிசு கொடுக்கிற அதிகாரியிடம் வேப்பம் புண்ணாக்கின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனையும் ஜெயக்கொடி அவருக்குச் சொன்னது.

"ஐயா, அது எங்க காயி," என்றாள் அவள்.

ஓவர்சியர் சிரிக்கப் பார்த்தார். "ஏம்மா, பூசணி எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க. பெருக்கல் குறி இருக்கும். அவரு காயின்னா, அது என்னத்துக்குப் போட்டதுன்னு அவரச் சொல்லச் சொல்லுங்க."

அதிகாரி திருப்பினார்.

"அது பூச்சி அரித்தது," என்றார் ஓவர்சியர்.

"இம்புட்டு நேராக் கோடு போடுற பூச்சி எங்க பக்கம் இல்லீங்க," என்றான் நல்லகாமன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி அட்டையை எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஓவர்சியர் குரலைத் தாழ்த்தினார். "உன் பேரையும் சொல்லத்தான் இருந்தேன். ஒரு காய்க்காக இத்தனை பேர் முன்னால் இப்படியா?"

"மூணு தடவ சொன்னேன். காது கேக்காத மனுசர்னா நாலாந் தடவையும் சொல்லியிருப்பேன். உங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

நாடாவை அவிழ்த்து மேஜையிலேயே வைத்துவிட்டு, காயை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். இன்னும் பத்து நாள் கொடியில் கிடந்திருக்க வேண்டிய காய். வைக்கோலில் வைத்துப் பழுக்கவிட்டால் பாதி விதையாவது தேறலாம். மீதிப் பாதி போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஓவர்சியரின் டிரங்குப் பெட்டியை எடுத்தாள். வேட்டிகளை மடித்தாள். கண்ணாடிக் கூடு, பல்பொடி டப்பா, பாதி தீர்ந்த லேகியம், துணிக்கொடியில் காய்ந்த கோவணம் வரை ஒன்று விடாமல் வைத்து மூடி, பந்தலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

நல்லகாமன் தயங்கினான். "அவருக்கு வடிச்ச சோறு இருக்கே."

அவள் உள்ளே போய், இலையில் சோறும் பொரியலும் கட்டி, குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தாள்.

"பட்டினி போட்டு அனுப்புனாகன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. சாப்பிட்டுட்டு வேற எடம் பாக்கச் சொல்லுங்க. தூக்குச்சட்டிய மறக்காமத் திருப்பி வாங்கிட்டு வாங்க."