அதிபர் சொன்ன மார்லின்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டும் பெண்மணி மார்லின் ஹௌகன். போன வருடப் பனிப்புயலில் பஸ் நடுவழியில் சிக்கிக்கொண்டது. உதவி வந்து சேரும்வரை பிள்ளைகளைத் தூங்கவிடாமல் பாடவைத்து, தன் கோட்டையும் கழற்றிக் கொடுத்து, அத்தனை பேரையும் பத்திரமாக வீடு சேர்த்தார் மார்லின். மினசோட்டாக்காரர்கள் நாங்கள் இதற்கெல்லாம் ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. "பரவால்லயே மார்லின்" என்றோம். "அது கிடக்கட்டும்" என்றார் அவர்.

ஆனால் வெள்ளை மாளிகைக்குச் செய்தி எட்டிவிட்டது. அதிபர் தன் வருடாந்தர உரையில் மார்லினைப் பற்றிச் சொல்லப்போவதாகத் தொலைபேசி வந்தது. நாடாளுமன்ற மண்டபத்தின் மேல்மாடத்தில், அதிபரின் மனைவிக்குப் பின்வரிசையில் அவருக்கு இடம்.

உரையன்று ஊரே பாரில் கூடிவிட்டது. மார்லினின் கணவர் ஆர்லோவுக்கு டிவிக்கு நேர் எதிரே நாற்காலி.

வரி, நெடுஞ்சாலை, எதிரி நாடுகள் என்று எல்லாவற்றையும் ஒரு வழி செய்துவிட்டு, அதிபர் மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐம்பது வயதில் தொழிற்சாலை வேலையை இழந்த ஒரு பெண் இங்கே இருக்கிறார். அவர் சோர்ந்துபோகவில்லை. தன் தாயின் கைப்பக்குவத்தை நம்பி டார்ட்டியா ரொட்டிக் கடை தொடங்கினார். இன்று பன்னிரண்டு பேருக்கு வேலை தருகிறார். மார்லின் ஹௌகன், எழுந்து நில்லுங்கள்."

மார்லினுக்குப் பக்கத்தில் இருந்தவர் அரிசோனா பாலைவனத்து ஊரிலிருந்து வந்த டெனிஸ் அகோஸ்டா. ரொட்டிக் கடை அவருடையது.

"அது என் கதைங்க" என்றார் டெனிஸ், உதடு அசையாமல்.

"தெரியுது. இப்ப என்ன பண்றது?"

"கேமரா உங்க மேல இருக்கு. எந்திரிச்சிடுங்க."

மார்லின் எழுந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சற்று நேரத்தில் டெனிஸும், பனிப்புயலில் பிள்ளைகளைக் காப்பாற்றியதற்காக எழுந்து நின்றார்.

பாரில் முதலில் ஆர்லோதான், "அவளுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கவே வராதே" என்றார்.

"உனக்குத் தெரியாம கடை வச்சிருக்காளோ என்னவோ. டுலூத் நகரத்துப் பக்கமா இருக்கும்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"அரிசோனாவுலயும் நம்ம ஊர் மாதிரியே நடந்திருக்கு பாத்தீங்களா" என்றாள், அந்த பஸ்ஸில் மகளை அனுப்பியிருந்த ஒரு தாய்.

மார்லின் திரும்பி வந்ததும் ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பெரிதாக எதையாவது சாதித்தவர்கள்தான் அதெல்லாம் இல்லவே இல்லை என்று மறுப்பார்கள். மறுக்க மறுக்க அவர் மேல் மரியாதை கூடியது.

"அதிபர் பொய் சொல்லமாட்டாருன்னு நான் சொல்லல. ஆனா இவ்ளோ சின்ன விஷயத்துக்கு எதுக்குப் பொய் சொல்லப்போறாரு?" என்றார் பார்க்காரர்.

மார்லின் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசி செய்தார். எடுத்த இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"உங்களுக்குத்தான் மேடம் கைதட்டல் ரொம்ப நேரம் நீடிச்சுது. அதைப் போய் தப்புன்னு எப்படி அறிவிக்கிறது?"

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"டார்ட்டியா சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"சாப்பிட்டுப் பாருங்க. நல்லாருக்கும்."

அந்த மாதம் சர்ச் விருந்துக்கு மார்லின் டார்ட்டியா கொண்டுவருவதாக அவரைக் கேட்காமலே முடிவு செய்திருந்தார்கள். அவர் டெனிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டு முறையிட்டார். டெனிஸ் சிரித்துவிட்டார்.

"இங்க மட்டும் என்னவாம்? என்னைப் பனிப்புயல் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவியாப் போட்டிருக்காங்க. இந்த ஊர்ல பனி பெஞ்சு யாருமே பாத்ததில்ல. நான் ரொட்டி அனுப்புறேன், புயல் வந்தா என்ன செய்யணும்னு நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க."

சொன்னபடியே பெட்டி வந்து சேர்ந்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம். ஆர்லோ தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. பாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு மார்லினிடம் வந்தார்.

"இத்தனை வருஷமா எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?"

மறுத்து மறுத்து மார்லினுக்கு அலுத்துப்போயிருந்தது.

"கடை வேலைக்கே நேரம் சரியா இருந்துச்சு, பாஸ்டர்" என்றார்.