வலது காது

விமானிகள் ஹெட்செட்டை மாட்டும்போது ஒரு காதை மூடாமல் விடுவார்கள். அப்போதுதான் பக்கத்து இருக்கைக்காரன் பேசுவது நேரடியாகக் கேட்கும். இடது இருக்கையில் உட்காரும் பயிற்சி விமானி பூங்குழலிக்குத் திறந்திருந்தது வலது காது. பின்னால் நின்று பயிற்சி தரும் கேப்டன் செந்தில்நாதனின் வலக்கைக்கு வாகாக அமைந்ததும் அந்தக் காதுதான்.

மைசூரு தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கொட்டகை. அதற்குள் ஆறு இரும்புக் கால்களில் நிற்கிற வெள்ளைப் பெட்டிதான் விமானம் ஓட்டப் பழகும் சிமுலேட்டர். உள்ளே ஏறினால் ஜெட் விமானத்தின் விமானி அறை, ஒரு சுவிட்ச் குறையாமல். கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டத்தைப் போட்டுவிட்டு, கருவிகளை மட்டும் பார்த்து இறக்கு என்பார் கேப்டன். விமானம் எப்படி ஆடுமோ அப்படியே பெட்டியும் ஆடும். ஆடும்போது எல்லோரும் பெல்ட் போட்டிருக்க வேண்டும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அவர் போட மாட்டார். பெல்ட் போட்டால் அந்த மகராசனுக்கு அறையக் கை எட்டாதே.

மூன்று மாதத்தில் ஏழு அறை. ஆறாவது அறைக்குப் பிறகு காதில் நீர் வடிந்தது. பஞ்சை உள்ளே தள்ளி, முடியை இழுத்து மூடிக்கொண்டாள். காதில் ஓட்டை என்று டாக்டர் எழுதிவிட்டால் மெடிக்கல் சான்றிதழ் போச்சு, அது போனால் விமானமும் போச்சு. அடித்தவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான், அடிபட்டவள் காதை மறைத்துக்கொண்டு திரிகிறாள். வயிறு எரியாதா?

அன்று கடைசித் தேர்வு. வலது இருக்கையில் மஞ்சுநாத், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். அவனுக்கு மட்டும் காது விஷயம் தெரியும். விமானம் இரண்டாயிரம் அடியில் ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் பின்னால் இருந்த தன் மேசையில் எதையோ தட்டிவிட்டு எழுந்து வந்தார்.

"காத்து போட்டிருக்கேன். நீ எப்படி இறக்கறேன்னு பார்க்கலாம்."

திரையில் பாதையைக் காட்டும் குறி அரைப் புள்ளி விலகியது. அரைப் புள்ளிதான்.

"உங்க ஊர் மார்டள்ளியிலே மாடு மேய்க்கிறதை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தே?" என்று கேட்டுக்கொண்டே அறைந்தார்.

காதுக்குள் ஏதோ கிழிந்தது. கழுத்தில் சூடாக இறங்கியது. அந்த நொடியே உலகம் இடப்பக்கம் கவிழ ஆரம்பித்தது. விமானம் புரள்கிறது, வலப்பக்கம் திருப்பு, திருப்பு என்று உடம்பெல்லாம் பதறியது. திரையில் மட்டும் வானத்து நீலமும் மண்ணின் பழுப்பும் மட்டமாகவே இருந்தன. உடம்பு பொய் சொல்லும், திரையை நம்பு என்பதுதான் இங்கே முதல் நாள் பாடம். தொண்டைவரை வந்த வாந்தியை விழுங்கினாள். கையைத் திருப்பவில்லை.

அறுநூறு அடியில் அவர் போட்ட காற்று வந்தது. பெட்டி சட்டென்று கீழே இறங்கி, வெட்டி மேலே எகிறியது. கேப்டனின் தலை கூரையில் மோதியது. தடுமாறிப் போய் மேசை விளிம்பில் வாய் அடிபட விழுந்தார். அடுத்த குலுக்கலில் கதவில் மோதினார். அதற்கடுத்ததில், நாற்காலிக் கம்பிகளுக்கு இடையில் சிக்கிய அவருடைய வலக்கை முழங்கைக்குக் கீழே எதிர்ப்பக்கமாக மடங்கியது. உடைந்த பல் ஒன்று உருண்டு வந்து பூங்குழலியின் காலடியில் நின்றது.

பெட்டியை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவளுடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மஞ்சுநாத்துக்கு எட்டாது. அவன் மைக்கை அமுக்காமலே வாய் பிளந்து கத்தினான். வலது காது அடைத்துப் போயிருந்தது, இடது காதை ஹெட்செட் மூடியிருந்தது; அவளுக்குச் சத்தம் வரவில்லை. ஆனால் வாய் அசைந்தது தெரிந்தது. ஸ்டாப், ஸ்டாப் என்று அசைந்தது.

நல்லா உருளட்டும் என்று நினைத்தாள். ஆமாம், அப்படித்தான் நினைத்தாள்.

"பெல்ட்டைக் கழட்டாதே. உயரம் சொல்லு. ஹெட்செட் மைக்குல சொல்லு," என்றாள்.

இடது காதில் அவனுடைய அழுகைக்குரல் வந்தது. ஐநூறு. முந்நூறு. நூறு. பின்னால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உடம்பு ஒன்று இரும்பில் மோதுவது இருக்கை வழியாக அவள் முதுகுக்குத் தெரிந்தது. சக்கரங்கள் ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறங்கின. விமானம் நின்ற பிறகுதான் பொத்தானை அமுக்கினாள்.

ஆம்புலன்ஸ் போனதும் மையத்தின் நிர்வாகி ஸ்ரீதேவி விபத்து அறிக்கைத் தாளோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவர் விழுந்து ஒரு நிமிஷம் ஆகியும் நீ ஸ்டாப் அமுக்கல. மஞ்சுநாத் கத்தினது கேக்கலியா?"

பயத்தில் கை ஓடவில்லை என்று சொன்னால் போதும். கேப்டன் பெல்ட் போடாதது அவர் தப்பு, அதோடு விஷயம் முடிந்தது. மஞ்சுநாத் இடப்பக்கம் குனிந்து, அவளுடைய நல்ல காதில் கிசுகிசுத்தான்: "சும்னிரு, பேசாம இரு. காதைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே."

பூங்குழலி வலது காதுக்குள் விரலை விட்டாள். ரத்தத்தில் ஊறிய பஞ்சை எடுத்து அந்தத் தாள்மேல் வைத்தாள்.

"இந்தக் காது கேக்காதுங்க மேடம். மூணு மாசத்துல ஏழு தடவை அடிச்சாரு. இன்னிக்கு அடிச்சது எட்டாவது."

ஸ்ரீதேவியின் பேனா நின்றது. "இதை எழுதினா உன் மெடிக்கல் போயிடும்."

"தெரியுமுங்க. எழுதுங்க."

ஸ்ரீதேவி எழுதினாள். எழுதி முடிக்கும்வரை பூங்குழலி காத்திருந்தாள்.

"அவன் கத்தினது கேக்கல. ஆனா வாய் அசைஞ்சது தெரிஞ்சுதுங்க. தெரிஞ்சேதான் அமுக்கல. அதையும் எழுதிக்குங்க."