தன்னாமுனை பஸ்ஸில் நித்திரை

மாலை பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அத்தனை பெண்களுக்கும் வாய் பிளந்துவிடும். ஒருத்தியின் தலை ஜன்னல் கம்பியில், இன்னொருத்தியின் தலை பக்கத்தில் இருப்பவளின் தோளில். பகல் முழுக்கத் தன்னாமுனைக் கார்மென்டில் குனிந்திருந்து காற்சட்டைக்குப் பொக்கட் தைத்த கழுத்து வேறென்ன செய்யும்? எனக்கும் நித்திரை வரும். என் கோபம்தான் விடாது.

தொழிற்சங்கம் என்ற பேச்சைத் தொடங்கியவள் மேனுகா. தேற்றாத்தீவுப் பிள்ளை, என் பக்கத்து மெஷின். தண்ணீர் குடித்தால் டொய்லெட்டுக்குப் போக வேண்டும், போனால் டார்கெட் விழும் என்று எங்கள் லைனில் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. ஒருநாள் தனுஷியா மயங்கி விழுந்தாள். சுப்பவைசர் முகத்தில் தண்ணீர் தெளித்து அவளைத் திரும்ப மெஷினில் இருத்தினான். அன்றுதான் மேனுகா எழுந்து நின்று, தனித்தனியாகக் கேட்டால் நடக்காது, சங்கமாகக் கேட்போம் என்று சத்தமாகவே சொன்னாள்.

சரி, எங்கே கூடிப் பேசுவது? உள்ளே கமெரா. ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கவே பொழுது சரி. மிச்சம் இந்த பஸ்தான். பஸ்ஸில் எல்லோரும் நித்திரை.

வியாழன் மாலை மேனுகாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரத் தேவையில்லை, வந்தாலும் கேட்டுக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம், அவள் வேலை போதாதாம். எங்கள் லைனில் அவள் கைதான் வேகமான கை. தாயின் இன்சுலினும் வீட்டு அரிசியும் அவள் சம்பளத்தில்தான். அன்று பஸ் காத்தான்குடிக்கு வந்த பிறகுதான் அவள் இதை எனக்குச் சொன்னாள்.

நான் எழுந்து, நடுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நாளைக்கு இவளைக் கேட்டில் மறித்தால் ஒருத்தியும் பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாது என்றேன். எல்லோரும் சேர்ந்து இருந்தால் எத்தனை பேரைத்தான் நிறுத்துவான்கள் என்றேன். குறட்டைதான் பதில். அன்னப்பூரணி மாமிக்கு வாயோரம் எச்சில் வடிந்தது. தனுஷியாவைப் பிடித்து உலுக்கினேன். தான் இறங்கும் கல்லாறு வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத் திரும்பக் கண்ணை மூடினாள். இதுகளுக்காகவா இந்தப் பிள்ளை தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

"விடுங்கக்கா," என்றாள் மேனுகா. "பாவம், களைச்சுப்போய்க் கிடக்குதுகள்."

மறுநாள் காலை அவளும் ஏறினாள். மறித்தால் திரும்பிப் போகிறேன் என்றாள். வாவி வெளிச்சம் ஜன்னலால் வந்து முகத்தில் அடித்தும் ஒருத்தியும் கண் திறக்கவில்லை. கேட்டில் மேனுகா முதலாவதாக இறங்கினாள். காவலாளி கையை நீட்டி மறித்தான். அவள் மதிலோரம் போய் நின்றாள்.

நான் சீட்டை விட்டு அசையவில்லை. மற்றவர்கள் இறங்கிப் போனால் போகட்டும், நான் ஒருத்தியாவது இருப்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

யாரும் எழும்பவில்லை. பஸ் நிற்க முன்பே வாசலில் நெருக்குப்படுகிறவர்கள் சாய்ந்தபடியே கிடந்தார்கள். டிரைவர் றமீஸ் ஹோர்ன் அடித்தான். திரும்பவும் அடித்தான். உள்ளே வேலை மணியும் அடித்து ஓய்ந்தது.

சுப்பவைசர் ஏறி வந்து, இது என்ன விளையாட்டு என்று அதட்டினான். முன் சீட்டில் இருந்த அன்னப்பூரணி மாமியின் தோளைத் தட்டினான். மாமி கண்ணைத் திறக்கவில்லை.

"மேனுகாவ உள்ள விடுங்க தம்பி," என்றார். "அதுக்கு மறுகா எழும்புறம்."

அவன் தனுஷியாவிடம் போனான். அவளுடைய இமை படபடவென்று அடித்தது. ஆனாலும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அடி கள்ளிகளே, நேற்று நான் கத்தியதை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறீர்கள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சுப்பவைசர் போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கி ஓடினான். நான் ஜன்னலால் கையைக் காட்டி மேனுகாவைக் கூப்பிட்டேன். அவள் ஏறி வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"இனி என்னக்கா நடக்கும்?"

"தெரியாது புள்ள. நீயும் கண்ண மூடு."

என் தோளில் தலையைச் சாய்த்தாள். வெளியே ஆட்கள் கூடிச் சத்தம் போடத் தொடங்கினார்கள். அந்த பஸ்ஸில் அவள் ஒருத்திதான் உண்மையாகவே நித்திரையாகிப் போனாள்.