காப்புக் கட்டும் முன் கேட்கும் கேள்வி

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், திருவிழாவுக்கு ஏழு நாள் முன்னதாகவே கூத்துக்காரர்களுக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். முடியைத் துறந்து காட்டுக்குப் போகும் மூத்த அரசகுமாரனின் வேஷத்தையும், அந்த முடி தனக்கும் வேண்டாமென்று அண்ணனுடைய பாதுகைகளை அரியணையில் வைக்கும் தம்பியின் வேஷத்தையும், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான் கட்ட வேண்டும் என்பது அங்கே மாறாத வழக்கம். பதினோரு வருடங்களாக அண்ணன் வேஷம் தோட்டத் தொழிலாளியான ராஜரத்தினத்துக்கு. தம்பி வேஷம், கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கும் அவனுடைய தம்பி சதீஸ்குமாருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கிய சதீஸ்குமாரின் பையில் ஒரு காணி உறுதிப் பத்திரம் இருந்தது. லயத்து வரிசை அறைகளில் இருந்த குடும்பங்களுக்கு, தனி வீடு கட்ட அரசாங்கம் ஏழு பேர்ச்சஸ் அளவுக் காணித்துண்டு கொடுத்தது. குடும்பத்துக்கு ஒரு பெயர்தான். சிங்களப் படிவம் நிரப்பத் தெரிந்தவன் தம்பிதானே என்று, இரண்டு வருடங்களுக்கு முன் ராஜரத்தினம் அதை அவனிடமே கொடுத்திருந்தான். பெயர் எழுதும் இடத்தில் பேனா சற்றுத் தயங்கியது உண்மை. அப்போது அவன் பெண் பார்க்கப் போன வீட்டில், "தம்பி பேர்ல என்ன இருக்கு?" என்று பெண் நிரஞ்சனியின் தகப்பனார் மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார். அந்த மரியாதை அவனைச் சுட்டது. தன் பெயரையே எழுதிவிட்டான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். கல்யாணப் பேச்சு கலைந்துபோயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

"வாங்க மகாராசா!" கோயில் வாசலிலேயே அண்ணி பாலம்மா பிடித்துக்கொண்டாள். "கிரீடம் வேணாம்னு அழுவுறதுக்கு டவுன்லருந்து பஸ் புடிச்சு வர்ற ராசா நீங்க ஒருத்தர்தான்!"

"சும்மா இரு புள்ள. போன வருசம் இவன் அழுத அழுகைக்கு நீயும்தானே மூக்கச் சிந்துன" என்று சிரித்த ராஜரத்தினம், தம்பியின் பக்கம் குனிந்தான். "காணி விசயம் ஏதாச்சும் தெரிஞ்சுச்சா? மழைக்கு முன்னுக்கு அத்திவாரம் வெட்டிறலாம்னு பாக்குறேன்."

"வரும்ணே."

சொன்ன பிறகு அண்ணனின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

பூசாரி மஞ்சள் கயிற்றோடு எதிரில் வந்து நின்றார். தம்பி வேஷக்காரனிடம் ஊரறியக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"அண்ணன் பங்கு எதையாச்சும் கையில வச்சிருக்கியாப்பா?"

'இல்ல சாமி' என்பதே பதில். வருடா வருடம் தயங்காமல் அதைச் சொன்னவன், இன்று தன் பையின் பக்கம் குனிந்தான்.

"என்னா சதீசு, வசனம் மறந்துபோச்சா? கண்டித் தண்ணி அப்படி!" என்று பின்னாலிருந்து யாரோ கேலி பேச, கூட்டம் சிரித்தது.

"இருக்கு சாமி."

சிரிப்பு இன்னும் பலத்தது. சதீஸ்குமார் உறுதிப் பத்திரத்தை எடுத்து நீட்டினான். "அண்ணே, காணி எம்பேர்ல வந்திருக்கு. நான்தான் அப்படி எழுதினேன்."

பாலம்மா பூத்தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

ராஜரத்தினம் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. "இத வீட்டுல வச்சு எங்கிட்டச் சொல்லக் கூடாதாடா?" என்றான் தணிந்த குரலில். "நம்ம குடும்பத்த இப்பிடி நடுக்கோயில்ல நிறுத்திட்டியே."

அப்போதுதான் சதீஸ்குமாருக்கு விளங்கியது. அண்ணனைத் தனியே எதிர்கொள்ளத் தைரியமில்லாமல்தான் இத்தனை பேருக்கு நடுவில் உண்மையைச் சொல்லியிருக்கிறான். தன் பாரத்தை இறக்கிக்கொள்ளவும் அண்ணனுடைய மானத்தையே எடுத்துக்கொண்டான்.

பூசாரி கயிற்றைச் சுருட்டினார். "தம்பி இல்லாம அண்ணன் வேசம் இல்ல. இந்த வருசம் ரெண்டு பேருக்கும் காப்புக் கெடையாது."

"சாமி, அண்ணன் ஒரு தப்பும்..."

"விடுடா," என்றான் ராஜரத்தினம். கோயில் படியிறங்கிச் சிறிது தூரம் நடந்தவன், பின்னால் வந்த தம்பிக்காக நின்றான்.

"நாளைக்கு லீவு போடு. கச்சேரிக்குப் போயி, காணி ஆபீசுல பேர மாத்துவோம்."

"நானே போய் மாத்திட்டு வந்துர்றேன்ணே. உங்களுக்கு ஒரு நாள் பேர் போயிரும், சம்பளமும் வெட்டுப்படும்."

"போகட்டும்," என்றான் ராஜரத்தினம். "நீ எழுதுறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."